மடியா? கார் சீட்டா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது பயணக்கட்டுரை இல்லை. ஐரோப்பா ஏர்போர்ட்டில் நான் பார்த்தது ஒரு காபிக்கடையும் ஒரு டயாப்பர் மாத்தற ரூமும்தான். இது ஒரு பிளாஸ்டிக் கார் சீட்டை நியூ ஜெர்சியிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் தூக்கிட்டுப் போய் திருப்பித் தூக்கிட்டு வந்த கதை. நடுவில எங்க அம்மாவுக்கும் எனக்கும் நடந்த சண்டையும் உண்டு. சண்டைன்னு சொன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்க, "நான் என்னடா சண்டை போட்டேன்?"னு கேட்பாங்க. அதனால கருத்து வேறுபாடுன்னு வச்சிக்கலாம்.

2023 ஜூனில் அம்மா எங்ககூட இருக்க வந்தாங்க. ஆறு மாசம் முடிஞ்சு டிசம்பர் கடைசியில் ஊருக்குத் திரும்பணும். அவங்களைத் தனியா அனுப்பறதுக்குப் பதிலா நாங்களும் சேர்ந்து போய் பொங்கல் முடிச்சிட்டு வந்துடலாம்னு முடிவு. அப்போ பாப்பாவுக்கு 21 மாசம். எடை 24 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 11 கிலோ.

டிக்கெட் போட உட்கார்ந்தப்பதான் ஆரம்பிச்சது. இரண்டு வயசு முடியாத குழந்தைக்கு விமானத்தில் தனி சீட் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, மடியில வச்சிக்கலாம். வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவங்க கட்டணத்தில் பத்து சதவீதமும் வரியும்தான். தனி சீட் வேணும்னா எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் கூட ஆச்சு.

நான் சீட் வாங்கினேன். கார் சீட்டையும் உள்ளே எடுத்துட்டுப் போறதா முடிவு பண்ணினேன். தங்கமணி ஒரு தடவை பர்ஸைப் பார்த்தாங்க, ஒரு தடவை பாப்பாவைப் பார்த்தாங்க, "சரி"ன்னுட்டாங்க. அம்மாவுக்குத்தான் மனசே ஆறலை.

"ஆயிரம் டாலரா? எண்பதாயிரம் ரூபாடா! மடியில வச்சிக்க நான் இருக்கேன், அவ இருக்கா, நீ இருக்கே. மூணு மடி இருக்கும்போது புள்ளைக்கு எதுக்குடா தனி சீட்டு?"

"மடியில வச்சிக்கிட்டா பிடிக்க முடியாதும்மா."

"உங்க மூணு பேரையும் மடியில வச்சித்தான் தாம்பரத்துலேர்ந்து திருச்சி வரைக்கும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் கீழே விழலையே?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? கீழே விழுந்தவங்க வந்து சொல்ல மாட்டாங்கம்மான்னு சொல்லலாம். அம்மாகிட்ட அப்படிப் பேசற தைரியம் எனக்கு நாற்பது வயசாகியும் வரலை.

நிற்க. எனக்கு ஏன் இந்த பிடிவாதம்னு கொஞ்சம் சொல்லணும்.

பாப்பா பிறந்த புதுசில தூக்கம் வராத ராத்திரிகளில் கண்டதையும் படிப்பேன். அப்படிப் படிச்சதுதான் யுனைடெட் 232 விபத்து. 1989 ஜூலை 19, டென்வரிலிருந்து சிகாகோ போன டிசி-10 விமானம். நடுவானில் வால்பக்க எஞ்சின் வெடிச்சு, விமானத்தைத் திருப்பவும் ஏத்தி இறக்கவும் வேண்டிய ஹைட்ராலிக் மொத்தமும் போயிடுச்சு. மீதி இரண்டு எஞ்சினோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சே விமானிகள் ஐயோவா மாநிலத்தில் சியூ சிட்டி ஏர்போர்ட் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. மொத்தம் 296 பேர். 112 பேர் இறந்தாங்க, 184 பேர் பிழைச்சாங்க. நடந்ததைப் பார்த்தா அத்தனை பேர் பிழைச்சதே பெரிசு.

அதில் மடிக்குழந்தைகள் நாலு பேர். அப்போ இருந்த விதிப்படி, மோதறதுக்கு முன்னாடி குழந்தைகளைத் தரையில் வச்சு, துணி தலையணை வச்சு அணைச்சு, பெரியவங்க பிடிச்சிக்கணும். தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் அம்மணிதான் ஒலிபெருக்கியில் அதைச் சொன்னது. மோதின வேகத்தில் எந்தக் கை பிடிச்சு நிற்கும்? நாலில் ஒரு குழந்தை இறந்துபோச்சு. அம்மா பிழைச்சிட்டாங்க. குழந்தையைத் தேடி திரும்ப எரியற விமானத்துக்குள்ள ஓடப்பார்த்த அந்த அம்மாவை, வெளியே வந்த ஜான் பிரவுன்தான் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்த முகத்தை மறக்க முடியாம, குழந்தைகளுக்கும் தனி சீட் கட்டாயம் ஆகணும்னு அவங்க அப்புறம் பல வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் போய் பேசினாங்க.

விபத்து விசாரணை வாரியம் 1990-லேயே அப்படித்தான் பரிந்துரை பண்ணிச்சு. விமானத்துறை அதிகாரிகள் சட்டமாக்கலை. 2005-ல் அந்த யோசனையையே கைவிட்டுட்டாங்க. காரணம் கேட்டா நியாயமாத்தான் இருக்கும். குழந்தைக்கும் டிக்கெட் கட்டாயம்னா பல குடும்பங்கள் விமானத்தை விட்டுட்டு காரில் போயிடும், ரோட்டில சாகற ஆபத்து விமானத்தைவிட ரொம்ப அதிகம், கூட்டிக் கழிச்சா அதிகக் குழந்தைங்க சாகும்னு கணக்கு. கணக்கு சரிதான். ஆனா நியூ ஜெர்சியிலிருந்து குரோம்பேட்டைக்கு யாரும் ரோடு வழியா போகப்போறதில்லையே? அந்தக் கணக்கு எனக்குப் பொருந்தாதுன்னு தோணிச்சு. அதே அதிகாரிகளே தங்கள் பக்கத்தில், குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் உங்க மடி இல்லை, கார் சீட்தான்னு எழுதியும் வச்சிருக்காங்க.

இன்னொரு வேடிக்கை. அப்போ நியூ ஜெர்சியில் இரண்டு வயசுக்கும் 30 பவுண்டுக்கும் கீழே இருக்கற குழந்தையைப் பின்பக்கம் பார்த்த கார் சீட்டில்தான் உட்கார வைக்கணும்னு 2015-லேருந்து சட்டம் இருந்துச்சு. வீட்டிலிருந்து நெவார்க் ஏர்போர்ட்டுக்குப் போற அரை மணி நேரத்தில் பாப்பாவை மடியில வச்சிருந்தா போலீஸ் நிறுத்தி சீட்டு கிழிப்பார். அங்கே போய் ரன்வேயில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேலே ஓடற வண்டியில் மடியில வச்சிக்கிட்டா, குனிஞ்சு கன்னத்தைக் கிள்ளிட்டுப் போவாங்க.

சரி, பயணத்துக்கு வருவோம்.

வீட்டுக் காரில் இருக்கற சீட் இருபது பவுண்டுக்கு மேலே. அதைத் தூக்கிட்டு இரண்டு ஏர்போர்ட் ஓடினா பொங்கலுக்கு என் இடுப்புக்குத்தான் படையல். அதனால பயணத்துக்குன்னே லேசான சீட் ஒண்ணு, நூறு டாலருக்குக் கீழே வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். ஒண்ணு அகலம். சாதாரண வகுப்பு சீட் பதினேழு அங்குலம் சுமாருக்குத்தான் இருக்கும், பதினாறுக்குள்ள இருந்தா நிம்மதி. இரண்டாவது, சீட் ஓரத்தில் ஒட்டியிருக்கற லேபிள். மோட்டார் வண்டியிலும் விமானத்திலும் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்டதுன்னு சிவப்பு எழுத்தில் போட்டிருக்கணும். வெறும் பூஸ்டர் சீட்டை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அனுமதிக்க மாட்டாங்க, ஏன்னா அதுக்குத் தோள்பட்டை பெல்ட் வேணும், விமானத்தில் இருக்கறது இடுப்பு பெல்ட் மட்டும்.

நெவார்க்கில் முதல் விமானம் ஒரு அமெரிக்கக் கம்பெனி. டிக்கெட் வாங்கின குழந்தை, லேபிள் இருக்கற சீட், இரண்டும் இருந்தா அமெரிக்க விமானக் கம்பெனிகள் வேண்டாம்னு சொல்ல முடியாது, விதி அப்படி. பணிப்பெண் வந்து லேபிளைப் பார்த்தாங்க, "ஜன்னல் ஓரமா வைங்க"ன்னாங்க. அவசரமா வெளியேற வேண்டி வந்தா யாரும் கார் சீட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, அதனால ஜன்னல் பக்கம். அவசர வழி இருக்கற வரிசையிலயும் அதுக்கு முன்வரிசை பின்வரிசையிலயும் கூடாது.

நான் கைப்பிடியைத் தூக்கி, பெல்ட்டை உள்ளே விட்டு, முழங்காலை சீட்டில் ஊன்றி முழு பலத்தோட இழுத்து மாட்டினேன். பின்வரிசையில் ஒரு தாத்தா "ராக்கெட் விடப்போறீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார். பாப்பாவுக்கு அது பழகின இடம். தினமும் டே கேர் போற நாற்காலி மாதிரிதான், உட்கார்ந்தா வண்டி ஓடும், கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரும். ஏறும்போது காது அடைக்காம இருக்கப் பால் பாட்டிலைக் கையில குடுத்தோம். பாட்டிலோடயே தூங்கிட்டா. ஆறு மணி நேரம். நான் பாப்பா பிறந்தப்புறம் முதல் தடவையா ஒரு சினிமா முழுசா பார்த்தேன்.

அம்மா நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே வந்தாங்க. இறங்கும்போது, "தூங்கினா. ஆனா கட்டிப்போட்ட மாதிரியே இருக்கு, பார்க்க என்னவோ போல இருக்கு"ன்னாங்க.

இரண்டாவது விமானம் வேற ஒரு நாட்டுக் கம்பெனி. எந்தக் கம்பெனி, எந்த ஊர்னு சொல்லப்போறதில்லை. அமெரிக்க விதி அவங்களைக் கட்டாது, அவங்க நாட்டு விதி, அவங்க கம்பெனி விதி. இது எனக்கு முன்னாடியே தெரியும். அதனால போன் பண்ணிக் கேட்டிருந்தேன், "அந்த லேபிள் இருந்தா போதும்"னு ஒரு பெண்மணி சொன்னாங்க. சொன்னதை நம்பினேன். எழுதி வாங்கலை. சொந்த செலவில் சூனியம்னா இதுதான்.

சீட்டை மாட்டி, பாப்பாவை உட்கார வச்சு, பெல்ட் போட்டு முடிச்சப்புறம் ஒரு பணியாளர் வந்தார். அவர்கிட்ட ஒரு பட்டியல். எங்க சீட்டோட பேர் அதில் இல்லை. நான் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். அது அமெரிக்காவுக்கு, எங்களுக்கு எங்க பட்டியல்னு சொன்னார். போனில் சொன்னதைச் சொன்னேன். யார் சொன்னதுன்னு கேட்டார். பேர் தெரியலை. குரல் ஏறலை, மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை இல்லை, ஆனா மனுஷன் அசையவும் இல்லை. பின்னாடி நூறு பேர் நிக்கறாங்க. தங்கமணி என் முழங்கையைத் தொட்டு, "விடுங்க"ன்னாங்க.

கார் சீட்டைக் கழட்டி அவங்க பின்னாடி இருந்த அலமாரியில் வச்சாங்க. ஆயிரம் டாலர் சீட் காலியா இருந்துச்சு. அதில் என் ஜாக்கெட்டை வச்சேன். பாப்பா மடிக்கு வந்தா. பெரியவங்க பெல்ட்டில் கோர்க்கற மாதிரி ஒரு குட்டி பெல்ட் குடுத்தாங்க.

அந்தக் குட்டி பெல்ட் கதையைக் கேளுங்க. ஐரோப்பாவில் மடிக்குழந்தைக்கு அது கட்டாயம். நம்ம ஊர் விமானங்களிலும் குடுப்பாங்க. அமெரிக்காவில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதுக்குத் தடை. பெரியவங்க உடம்பு முன்னாடி மடங்கும்போது நடுவில குழந்தை மாட்டிக்கும்னு அவங்க வாதம். பெல்ட் இல்லைன்னா பறந்துபோகும்னு இவங்க வாதம். இரண்டு பேர் சொல்றதும் உண்மை. ஆக ஒரே நாளில், ஒரே குழந்தைக்கு, ஒரு விமானத்தில் கூடாதுன்னது அடுத்த விமானத்தில் கட்டாயம்.

அம்மா முகத்தில் ஒரு திருப்தி. "குடுறா என்கிட்ட"ன்னாங்க. ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருந்த மடி உரிமை ஒரு வழியா கிடைச்சிடுச்சு. காலி சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. கோவம் எல்லாம் அந்தப் பணியாளர் மேலே இருந்துச்சு.

கிளம்பி மூணு நாலு மணி நேரம் ஆகியிருக்கும். விளக்கெல்லாம் அணைச்சாச்சு. பாப்பா முழிச்சிக்கிட்டு அம்மா தொடை மேலே நின்னு, முன் சீட்டைப் பிடிச்சிக்கிட்டு முன்னாடி இருந்தவரோட வழுக்கையைப் பார்த்து சிரிச்சிக்கிட்டிருந்தா. குட்டி பெல்ட்டை அம்மா கழட்டியிருந்தாங்க. திடீர்னு விமானம் குலுங்கிச்சு. ஒரு குலுக்கல்தான். படியில் ஒரு படி தவறி வச்சா வயிறு போகுமே, அந்த மாதிரி. பெல்ட் விளக்கு எரியறதுக்கு முன்னாடியே இரண்டாவது குலுக்கல். பாப்பா அம்மா கையிலிருந்து நழுவி முன் சீட்டு முதுகில் வாய் இடிச்சு, கீழே கால் வைக்கற இடத்தில் போய் விழுந்தா.

ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் வீல்னு ஒரு அழுகை. அந்த அழுகையைக் கேட்டு ஒரு அப்பன் சந்தோஷப்படுவான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

உதடு கிழிஞ்சிருந்துச்சு. ரத்தம் கொஞ்சம்தான், ஆனா வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் ரத்தம் நிறையாத் தெரியும். பட்டியல் காட்டின அதே பணியாளர்தான் ஐஸ் எடுத்துட்டு ஓடி வந்தார். தரையில் மண்டி போட்டு அவரே ஒத்தடம் குடுத்தார். அவர் கையும் நடுங்கிச்சு. அவர்மேல இருந்த கோவத்தை அதுக்கு மேலே பிடிச்சு வச்சிக்க எனக்கு முடியலை.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கார் சீட் இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் பாப்பா அதில் இருந்திருப்பாளான்னு தெரியாது. பத்து மணி நேரம் குழந்தையைக் கட்டியே வைக்க முடியாது. நானே எடுத்து நடைபாதையில் நடக்க விட்டிருப்பேனோ என்னவோ. அதனால "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்"னு சொல்ல எனக்கு வாய் வரலை. சொல்லியிருந்தாலும் தங்கமணி என்னை ஐரோப்பாவிலேயே இறக்கி விட்டிருப்பாங்க.

அம்மா ஒரு வார்த்தை பேசலை. இரண்டு கையையும் மடியில் விரிச்சு வச்சிக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்"ன்னாங்க. என்கிட்ட சொன்னாங்களா, தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்களா தெரியலை.

பிடிச்சுத்தான் இருந்தாங்க, எனக்குத் தெரியும். 11 கிலோ குழந்தை, நாலு மடங்கு இழுப்பு வந்தா 44 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. எங்க அம்மாவுக்கு 66 வயசு.

மீனம்பாக்கத்தில் இறங்கினப்போ ராத்திரி ஒண்ணரை மணி. கால் டாக்ஸி வந்துச்சு. பின் சீட்டுக்கு வெள்ளை உறை, பெல்ட் கொக்கி எல்லாம் அதுக்கு அடியில் புதைஞ்சு கிடக்கு. நம்ம ஊரில் இது வழக்கம்தான். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசுக்குக் கீழே இருக்கற குழந்தைகளைக் காரில் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாம கூட்டிப் போனா ஆயிரம் ரூபா அபராதம். சட்டம் இருக்கு, கொக்கிதான் வெளியே இல்லை.

டிரைவர் தம்பி, "வுடு சார், அம்மா மடியில வச்சிக்கட்டும். கால் அவர்ல குரோம்பேட்டை"ன்னார். நான் அம்மா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். அம்மா தன் செல்போன் டார்ச்சை அடிச்சு, "அந்த உறையைக் கொஞ்சம் தூக்குப்பா, உள்ளே இருக்கும்"ன்னாங்க.

இங்கே இன்னொரு சிக்கல். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து விட்டா பூட்டிக்கும், கார் சீட் ஆடாது. நம்ம ஊர்க் கார்களில் பெரும்பாலும் அப்படி இல்லை, பிரேக் அடிச்சாத்தான் பிடிக்கும். அதுக்குன்னு ஹெச் எழுத்து மாதிரி ஒரு இரும்பு கிளிப் உண்டு. அதை பெல்ட்டில் கொக்கிக்குப் பக்கத்தில் கோர்க்கணும். முன்யோசனையா ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன், வாழ்க்கையில் ஒரு தடவை உருப்படியா யோசிச்சது. கால் மணி நேரம் ஆச்சு. டிரைவர் தம்பி பக்கத்தில் நின்னு எல்லாத்தையும் பார்த்தார். வண்டி எடுத்தப்புறம், "என்னா சார் வெல இது?"ன்னு கேட்டார். சொன்னேன். அவருக்கும் இரண்டு வயசில் ஒரு பையனாம். பைக் டேங்க் மேலதான் உட்கார்ந்து வருவானாம். அதுக்கப்புறம் குரோம்பேட்டை வரைக்கும் யாரும் பேசலை.

ஜனவரி 6, சனிக்கிழமை காலையில் டிவி பார்த்துக்கிட்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. அமெரிக்காவில் போர்ட்லண்டிலிருந்து கிளம்பின அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282. கிட்டத்தட்ட 14,800 அடி உயரத்தில் விமானத்தோட பக்கச் சுவரில் கதவு அளவுக்கு ஒரு துண்டு பிய்ச்சுக்கிட்டு வெளியே போயிடுச்சு. ஓட்டைக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. யாரும் சாகலை, திரும்பி வந்து இறங்கிட்டாங்க. அந்த விமானத்தில் மடிக்குழந்தைகள் மூணு பேர் இருந்தாங்கன்னு அடுத்த ஒண்ணு இரண்டு நாளில் விசாரணை வாரியத் தலைவர் சொன்னார்.

சரி, இப்போ அம்மா முழுசா நம்ம கட்சிக்கு வந்துடுவாங்கன்னு நினைச்சேன்.

அம்மா கேட்டாங்க: "நீ புள்ளையை ஜன்னல் ஓரமாத்தானே வச்சே?"

நான் முழிச்சேன்.

"சொல்லுடா. பிய்ச்சுக்கிட்டுப் போனது ஜன்னல் பக்கம்தானே?"

வெளியேற வழி, விதி, புள்ளிவிவரம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்டுக்கிட்டாங்க. "நீ சொல்றது எல்லாம் சரிதான். ஆனா எதுக்கும் எல்லாத்துக்கும் பதில் இருக்கற மாதிரி பேசாதே"ன்னாங்க. உள்ளே போய் சுண்டல் தாளிக்க ஆரம்பிச்சிட்டாங்க. தங்கமணி அன்னிக்கு முழுக்க சிரிச்சாங்க.

திரும்பற பயணத்துக்கு இந்தத் தடவை ஒழுங்கா வேலை பார்த்தேன். கம்பெனிக்கு மெயில் போட்டேன். சீட்டோட பேர், மாடல், அகலம், லேபிளோட படம், நடந்த விஷயம் எல்லாம் எழுதினேன். இரண்டு தடவை பொதுவா பதில் வந்துச்சு. மூணாவது தடவை, இந்த மாடலை இந்தத் தேதியில் இந்த விமானத்தில் பயன்படுத்தலாம்னு தெளிவா எழுதி வந்துச்சு. குரோம்பேட்டையில் ஒரு கடையில் இரண்டு காப்பி பிரிண்ட் எடுத்தேன். ஆறு ரூபா. விமானத்தில் அந்தக் காகிதத்தை நீட்டினேன், பார்த்துட்டு தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான். ஆறு ரூபாய் வேலை.

போறவங்களுக்காக நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா எழுதி வைக்கறேன்:

1. லேபிளை முதல்ல பாருங்க. போட்டோ எடுத்து போனில் வச்சிக்கோங்க. துணி உறைக்கு அடியில் மறைஞ்சிருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சு வைங்க.

2. எத்தனை விமானம் மாறறீங்களோ அத்தனை கம்பெனிக்கும் தனித்தனியா கேளுங்க. டிக்கெட்டில் ஒரு பேர் இருக்கும், ஓட்டறது வேற கம்பெனியா இருக்கும். பதில் எழுத்தில் வேணும், பிரிண்ட் வேணும்.

3. கார் சீட்டைப் பெட்டிகளோட போடாதீங்க. தூக்கிப் போடுவாங்க, உள்ளே விரிசல் விட்டா வெளியே தெரியாது.

4. பின்பக்கம் பார்த்து வச்சா முன் சீட்காரர் சாய முடியாது. அவர்கிட்ட முன்னாடியே நல்ல வார்த்தை பேசிடுங்க. ஒரு சாக்லேட் தப்பில்லை.

5. பெல்ட் கொக்கி சீட்டுக்குப் பின்னால் மாட்டிக்கிட்டா கழட்ட வராது. மாட்டும்போதே ஒரு தடவை கழட்டிப் பாருங்க.

6. நம்ம ஊர் டாக்ஸிக்கு அந்த இரும்பு கிளிப். உங்க சீட்டிலேயே பெல்ட் பூட்டற வசதி இருந்தா தேவையில்லை.

7. பணம் இல்லை, மடிதான்னாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். விமானப் பயணம் பொதுவா பாதுகாப்பானதுதான். கேட்டில் போய் பக்கத்து சீட் காலியா இருக்கான்னு கேளுங்க. இருந்தா கார் சீட்டோட உட்காரப் பல கம்பெனிகள் விடுவாங்க.

கிளம்பின ராத்திரிக்கு வர்றேன். அம்மா ஏர்போர்ட் வரைக்கும் வந்தாங்க. வாசலில் டாக்ஸி நின்னப்போ நான் பெட்டிகளை ஏத்திக்கிட்டிருந்தேன். பாப்பா உதட்டில் காயம் ஆறி, ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா அம்மா பின் சீட்டில் குனிஞ்சு பாப்பாவைக் கார் சீட்டில் வச்சு வாரை மாட்டிக்கிட்டிருக்காங்க. ஆறு மாசம் நான் மாட்டறப்போ எல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டவங்க, எப்போ பார்த்துக் கத்துக்கிட்டாங்கன்னு தெரியலை. தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாங்க. கிள்ள வந்துச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தாங்க. திரும்பக் கிள்ளினாங்க. வரலை.

"கிளிப்பு நெஞ்சுக்கு நேரா, அக்குள் உயரத்துக்கு இருக்கணும் இல்ல?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"சரியா இருக்கா பாரு. எனக்குக் கண்ணு தெரியலை."

சரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அவங்க திருப்திக்காக நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.